தொடங்கும்போதே உறைந்து நிற்கும் வீட்டுக் கணினி: பழுதைக் கண்டறிந்து சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

பொத்தானை அழுத்தியதும் விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரையில் நிறுவனச் சின்னமோ சுழலும் புள்ளிகளோ தோன்றுகின்றன. அதற்கு மேல் எதுவும் அசைவதில்லை. இப்படி நிற்கும் கணினியைக் கையில் எடுக்கும் புதியவர்களில் பலர் முதலில் செய்வது விண்டோஸை மறுபடி நிறுவுவதுதான். கோளாறு கோப்புகளைச் சேமிக்கும் ஹார்ட் டிஸ்கிலோ, தற்காலிக நினைவகமான ராமிலோ இருந்தால் அந்த நிறுவலும் பாதியில் நின்றுபோகும். அதற்குள் டிஸ்கில் இருந்த படங்களும் ஆவணங்களும் அழிந்திருக்கும். ஆகவே கீழே உள்ள வரிசை முழுவதும் ஒரே விதியின்படி அமைந்திருக்கிறது: செய்தபின் மீட்க முடியாத எந்த வேலையும், மீட்கக்கூடிய சோதனைகள் அனைத்தும் முடிந்த பிறகே செய்யப்பட வேண்டும்.

விண்டோஸ் 10 அல்லது 11 இயங்கும் மேசைக் கணினியை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். பெட்டியைத் திறக்கும் பகுதிகளைத் தவிர மற்றவை மடிக்கணினிக்கும் பொருந்தும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நன்றாக ஓடும் இன்னொரு கணினி, 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட இரண்டு பென் டிரைவ்கள், கோப்புகளை நகலெடுக்க ஒரு வெளிப்புற ஹார்ட் டிஸ்க், நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவர் ஆகியவை தேவை. வீட்டில் இன்னொரு கணினி இல்லையென்றால் பக்கத்து வீட்டிலோ அலுவலகத்திலோ ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பென் டிரைவ்களைத் தயாரிக்க மட்டுமே அது வேண்டும்.

முதல் பென் டிரைவில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கும் மீடியா கிரியேஷன் டூல் வழியாக விண்டோஸ் நிறுவல் கோப்புகளை ஏற்றுங்கள். இரண்டாவதில், பென் டிரைவிலிருந்தே ஓடக்கூடிய இன்னொரு இயங்குதளமான உபுண்டு லினக்ஸை ஏற்றுங்கள். ஏற்றும்போது பென் டிரைவில் ஏற்கெனவே உள்ளவை அனைத்தும் அழிந்துவிடும் என்பதால் காலியான ஒன்றையே எடுங்கள்.

இவற்றைவிட முக்கியமானது, டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவி. புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில், ஹோம் பதிப்பிலும்கூட, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்த உடனேயே டிஸ்க் பூட்டப்பட்டுவிடுகிறது. உரிமையாளருக்கே அது தெரிவதில்லை. விண்டோஸுக்கு முன்பே ஓடும் தொடக்க மென்பொருளான பயாஸின் அமைப்பை மாற்றினாலோ டிஸ்கை வேறு கணினியில் இணைத்தாலோ 48 இலக்கச் சாவியைக் கேட்கும். செல்பேசியில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, சாதனங்களின் பட்டியலில் இந்தக் கணினியைத் தேர்ந்தெடுத்தால் அந்தச் சாவி கிடைக்கும். அதைத் தாளில் எழுதிக்கொண்ட பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள். சாவி இல்லாமல் பூட்டிய டிஸ்கைத் திறக்க எந்தக் கடைக்காரராலும் இயலாது.

2. எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று எழுதுங்கள்

இந்த ஒரு படியைச் சரியாகச் செய்தால் மீதி வேலையில் பாதி குறைந்துவிடும். ஆனால் பெரும்பாலோர் தாண்டிச் செல்வதும் இதைத்தான். ‘ஹேங் ஆகிறது’ என்று மட்டும் சொல்வார்கள், எங்கே என்று கேட்டால் பதில் இருக்காது.

கணினி தொடங்குவதில் மூன்று கட்டங்கள் உள்ளன. முதல் கட்டத்தில், பாகங்கள் எல்லாம் இணையும் முதன்மைப் பலகையான மதர்போர்டு தன்னையும் ராம், டிஸ்க், விசைப்பலகை போன்றவற்றையும் சோதிக்கிறது. அப்போது திரையில் இருப்பது நிறுவனச் சின்னம் மட்டும். இரண்டாம் கட்டத்தில் சின்னத்தின் கீழே வட்டமாகப் புள்ளிகள் சுழலும். விண்டோஸின் மையப் பகுதியும், வன்பொருள்களை இயக்கும் சிறு மென்பொருள்களான டிரைவர்களும் அப்போதுதான் டிஸ்கிலிருந்து ஏறுகின்றன. கடவுச்சொல் கேட்கும் திரை வந்த பிறகு மூன்றாம் கட்டம். அதில் பயனர் அமைப்புகளும் தானாகத் தொடங்கும் மென்பொருள்களும் ஏறுகின்றன. முதல் கட்டத்தில் நின்றால் விண்டோஸுக்கு அதில் பங்கே இல்லை எனலாம். இரண்டாம் கட்டத்தில் நின்றால் டிஸ்க், டிரைவர், பாதியில் அறுந்த அப்டேட் ஆகியவற்றின் மேல் சந்தேகம் விழுகிறது. மூன்றாவதில் நின்றால் பெரும்பாலும் மென்பொருள்தான்.

புள்ளிகள் தோன்றிய பின் நின்றாலும், மதர்போர்டோ சூடோ காரணமாக இருக்க வாய்ப்புண்டு. அதைப் பிரித்தறிய எளிய வழி ஒன்று உள்ளது. கணினியை இயக்கியவுடன் டெலீட் அல்லது எஃப்2 விசையை விட்டுவிட்டு அழுத்தி பயாஸ் திரைக்குள் செல்லுங்கள். எதையும் மாற்றாமல் கால் மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். பயாஸ் திரையிலேயே உறைந்தால் கோளாறு வன்பொருளில் இருக்கிறது என்பது உறுதி. விண்டோஸ் அப்போது ஓடவே இல்லை. உறையாமல் இருந்தால் விசாரணை டிஸ்க் பக்கமும் மென்பொருள் பக்கமும் நகர்கிறது.

உறைந்த நிலையில் இரண்டு சோதனைகளைச் செய்து குறித்துக்கொள்ளுங்கள். கேப்ஸ் லாக் விசையை அழுத்தும்போது விசைப்பலகையின் விளக்கு மாறி மாறி எரிந்தால் கணினி உள்ளே இன்னும் உயிரோடு இருக்கிறது. திரையோ ஏதோ ஒரு மென்பொருளோதான் சிக்கியிருக்கிறது. விளக்கு அசையவே இல்லையென்றால் முழுதாக நின்றுவிட்டது. அடுத்து கேபினட்டின் முகப்பில் உள்ள டிஸ்க் விளக்கைப் பாருங்கள். அது விட்டுவிட்டு மின்னினால் வேலை நடந்துகொண்டிருக்கலாம். பழைய ஹார்ட் டிஸ்கில் ஒரு பெரிய அப்டேட் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆவதும் உண்டு. அந்நேரத்தில் பொத்தானை அழுத்தி அணைப்பது, இல்லாத பழுதை உண்டாக்கும்.

இன்னும் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். காலையில் முதல் முறை இயக்கும்போது மட்டும் நின்று, இரண்டாம் முறை சரியாக வருகிறதா? அப்படியானால் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் வழங்கும் பெட்டி), மதர்போர்டு கெப்பாசிட்டர் (மின்னூட்டத்தைத் தேக்கும் சிறு உருளை), ராம் தொடுமுனை இவற்றில் ஒன்று என்று நினைக்கலாம். ஷட் டவுன் செய்துவிட்டு இயக்கினால் நின்று, ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டும் சரியாக வருகிறதா? அது 8ஆம் படியில் வரும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பின் அடையாளம். கடைசியாக நன்றாக ஓடிய நாளுக்குப் பின் என்ன மாறியது? புதிய பிரிண்டர், கூடுதல் ராம், ஒரு ஆன்டிவைரஸ், இடி மின்னலோடு போன மின்சாரம், எதுவாயினும் எழுதுங்கள்.

3. வெளியே செருகிய அனைத்தையும் கழற்றுங்கள்

செலவும் ஆபத்தும் இல்லாத சோதனை என்பதால் இது முன்னால் வருகிறது. மானிட்டர், விசைப்பலகை, மவுஸ் இவை மூன்றைத் தவிர பிரிண்டர், பென் டிரைவ், கார்டு ரீடர், வைஃபை டாங்கிள், வெப்கேமரா, வெளிப்புற டிஸ்க், நெட்வொர்க் கேபிள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இயக்குங்கள்.

மதர்போர்டு தொடங்கும்போது ஒவ்வொரு யுஎஸ்பி சாதனத்திடமும் ‘நீ யார்’ என்று கேட்கிறது. சாதனம் பழுதாகி அரைகுறையாகப் பதில் சொன்னால் சில மதர்போர்டுகள் அங்கேயே காத்து நின்றுவிடும். நான் பார்த்த ஒரு வீட்டில், சின்னத்தோடு நின்ற கணினிக்குக் காரணம் கேபினட்டின் பின்புறம் யாரும் கவனிக்காமல் செருகியிருந்த ஒரு விரல்நக அளவு டாங்கிள். தொட்டுப் பார்த்தால் சுட்டது. அந்த வீட்டார் அதற்குள் ராமை மாற்றியிருந்தார்கள். ஆகவே பின்புறத்தைக் கண்ணால் பார்ப்பது போதாது, விரலால் தடவிப் பாருங்கள்.

சரியாக வந்துவிட்டால் ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகி, ஒவ்வொரு முறையும் அணைத்து இயக்குங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செருகிவிட்டால் குற்றவாளி மறுபடி கூட்டத்தில் மறைந்துவிடும்.

4. எதையும் சரிசெய்யும் முன் கோப்புகளை வெளியே எடுங்கள்

இதன் இடத்தை யாரும் மாற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. செக் டிஸ்க், ஸ்டார்ட்அப் ரிப்பேர், சிஸ்டம் ரீஸ்டோர் எல்லாமே டிஸ்கில் எழுதும் வேலைகள். டிஸ்க் செத்துக்கொண்டிருந்தால் அவை கொடுக்கும் சுமையே கடைசி அடியாக முடியலாம்.

உபுண்டு பென் டிரைவைச் செருகி, இயக்கியவுடன் எஃப்12, எஃப்11 அல்லது எஃப்8 அழுத்தினால் எதிலிருந்து தொடங்குவது என்ற பட்டியல் வரும்; விசை மதர்போர்டுக்கு மதர்போர்டு வேறுபடும். பென் டிரைவைத் தேர்ந்தெடுத்து, உபுண்டுவை நிறுவாமல் முயன்று பார்க்கும் வாய்ப்பை மட்டும் தேர்வு செய்யுங்கள். நிறுவும் வாய்ப்பைத் தவறி அழுத்தினால் விண்டோஸ் அழியும் ஆபத்து உண்டு. மேசைத்திரை வந்ததும் கோப்புகளின் சாளரத்தில் உங்கள் டிஸ்க் தெரியும். அதில் பயனர் கோப்புறைக்குள் உள்ள டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் ஆகியவற்றை வெளிப்புற ஹார்ட் டிஸ்கில் நகலெடுங்கள். விண்டோஸ் முழுமையாக அணையாமல் கிடந்தால், டிஸ்கைப் படிக்க மட்டுமே முடியும் என்று சொல்லலாம். நகலெடுக்க அதுவே போதும்.

வரிசையில் முதலில் போக வேண்டியவை, இழந்தால் திரும்பக் கிடைக்காதவை: குடும்பப் படங்கள், கணக்குக் கோப்புகள், பிள்ளைகளின் திட்டப்பணிகள். திரைப்படங்கள் காத்திருக்கட்டும். ஒரு கோப்பில் வந்து நகலெடுப்பு நின்றுவிட்டால் அதைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பழுதான இடத்தையே மீண்டும் மீண்டும் படிக்க வைப்பது நல்ல இடங்களையும் கெடுக்கும்.

லினக்ஸ் பழக்கமில்லாதவர்கள் விண்டோஸ் பென் டிரைவிலிருந்து தொடங்கி, நிறுவு என்பதை அழுத்தாமல் கணினியைப் பழுதுபார்க்கும் வாய்ப்புக்குச் சென்று, அங்கே கமாண்ட் ப்ராம்ப்டில் நோட்பேட் என்ற கட்டளையைக் கொடுக்கலாம். நோட்பேடின் கோப்பு திறக்கும் சாளரத்தில் எல்லா வகைக் கோப்புகளையும் காட்டச் சொன்னால், வலது சொடுக்கில் நகலெடுத்து வெளிப்புற டிஸ்கில் ஒட்ட முடியும். இந்தச் சூழலில் டிஸ்கின் எழுத்துகள் மாறியிருக்கும். சி என்று பழகியது டி ஆகத் தெரிந்தால் பதற வேண்டாம்.

ஹார்ட் டிஸ்கிலிருந்து ‘டிக், டிக்’ என்று சீரான இடைவெளியில் ஒலி வந்தால் இந்தப் படியையும் நிறுத்திவிட்டு மின்சாரத்தை எடுத்துவிடுங்கள். படிக்கும் முனை தடுமாறும் ஒலி அது. உள்ளே இருப்பது விலை மதிப்பற்றது என்றால் அந்த டிஸ்க் இனி நேராகத் தரவு மீட்பு வல்லுநரிடம்தான் போக வேண்டும்.

5. டிஸ்கின் உடல்நிலையைப் பாருங்கள்

ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) இரண்டுமே தம் நிலையைத் தாமே குறித்து வைக்கின்றன. அந்தக் குறிப்புக்கு ஸ்மார்ட் என்று பெயர். உபுண்டுவில் டிஸ்க்ஸ் என்ற கருவியிலும், விண்டோஸில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளிலும் அதைப் பார்க்கலாம்.

ஹார்ட் டிஸ்க் என்றால் நான்கு வரிகள் போதும். 05 என்பது பழுதான இடத்துக்கு மாற்றிடம் ஒதுக்கியதன் எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் இடங்கள். சி6 என்பது சரிசெய்யவே முடியாதவை. சி5, சி6 இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கணினி தொடக்கத்தில் நிற்பதற்குக் காரணம் ஏறத்தாழ கிடைத்துவிட்டது: விண்டோஸுக்குத் தேவையான ஒரு கோப்பு அந்த இடத்தில் கிடக்கிறது, டிஸ்க் அதைப் படிக்க மறுபடி மறுபடி முயல்கிறது, கணினி காத்து நிற்கிறது. அந்த டிஸ்கை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

நான்காவது வரி சி7. இது டிஸ்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே தரவு சிதைந்த எண்ணிக்கை. இது ஏறிக்கொண்டே போனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது டிஸ்கை அல்ல, இரண்டையும் இணைக்கும், சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் சாட்டா கேபிளை. நல்ல டிஸ்கைக் கழற்றிப் போட்டுவிட்டு அதே கேபிளில் புது டிஸ்கை மாட்டி, பழுது தொடர்வதைக் கண்டு திகைப்பவர்கள் பலர். இன்னொன்று: கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ இந்த எண்களை வழக்கமாகப் பதினாறடிமான முறையில் காட்டும். 10 என்று தெரிந்தால் அது பதினாறு. பூஜ்யமா இல்லையா என்று மட்டும் பார்ப்பவருக்கு இது தொல்லை தராது.

எஸ்எஸ்டியில் இந்த வரிகள் வேறுபடும். மொத்த உடல்நிலைச் சதவிகிதத்தைப் பாருங்கள். ஆனால் எஸ்எஸ்டி நல்ல சதவிகிதம் காட்டியபடியே திடீரென்று நின்றுபோகக்கூடியது. பயாஸின் டிஸ்க் பட்டியலில் ஒரு முறை தெரிந்து மறு முறை காணாமல் போனால் சதவிகிதத்தை நம்ப வேண்டாம்.

6. பெட்டியைத் திறந்து ராமையும் கேபிள்களையும் பாருங்கள்

சுவர் சுவிட்சை அணைத்து, பின்புற மின்கம்பியைக் கழற்றி, பவர் பொத்தானைப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கிய மின்னூட்டம் வடியும். பிறகு கேபினட்டின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உடலில் சேர்ந்த நிலைமின்சாரம் ராமைச் சத்தமில்லாமல் கொன்றுவிடும். எதையும் தொடும் முன் செல்பேசியில் ஒரு படம் எடுங்கள். எந்தக் கம்பி எங்கிருந்தது என்ற நினைவு கால் மணி நேரம்கூட நிற்காது.

ராமின் இருபுறக் கொக்கிகளை விலக்கி எடுங்கள். பொன்னிறத் தொடுமுனைகளில் மங்கலான படலம் இருந்தால் மென்மையான வெள்ளை அழிப்பானால் லேசாகத் துடைத்து, துகள்களைத் தூரிகையால் தட்டிவிடுங்கள். கடலோர ஊர்களில் இந்தப் படலம் விரைவில் படியும். திரும்பப் பொருத்தும்போது நடுவிலுள்ள வெட்டு சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்து, இரு முனைகளையும் கட்டைவிரல்களால் அழுத்துங்கள். கொக்கி தானாக எழுந்து ‘டக்’ என்று பூட்டும் ஒலி கேட்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூட்டி மறுபக்கம் மில்லிமீட்டர் அளவு தூக்கி நிற்பதுதான் புதியவர்களின் கையில் அடிக்கடி நேர்வது. அந்த நிலையிலும் கணினி சில சமயம் இயங்கும், சில சமயம் உறையும்.

இரண்டு ராம்கள் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்து இயக்குங்கள், பிறகு மற்றொன்றை அதே இடத்தில் வைத்து இயக்குங்கள். நான்கு இடங்கள் உள்ள மதர்போர்டில் ஒற்றை ராமுக்கு உரிய இடம் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து இரண்டாவது. ராமை மாற்றினாலும் ஒரே இடத்தில் மட்டும் உறைந்தால் கோளாறு ராமில் இல்லை, அந்த ஸ்லாட்டில் இருக்கிறது.

இப்படியும் தெளிவு கிடைக்காவிட்டால் மெம்டெஸ்ட்86 பிளஸ் மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி இரவு முழுவதும் ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை சிவப்பில் வந்தாலும் அந்த ராம் தோற்றுவிட்டது. ராமில் சிறு பிழை என்று ஒன்று கிடையாது. அதன் வழியாகப் போகும் ஒவ்வொரு கோப்பும் சிதைய வாய்ப்புண்டு. இந்தச் சோதனையை விண்டோஸ் சீரமைப்புக்கு முன்பே முடிக்கச் சொல்வதும் அதனால்தான்.

பெட்டி திறந்திருக்கும்போதே சாட்டா கேபிளின் இரு முனைகளையும், மதர்போர்டுக்கு வரும் 24 முனைச் செருகியையும், பிராசஸருக்கு அருகிலுள்ள 4 அல்லது 8 முனைச் செருகியையும் கழற்றி மறுபடி அழுத்துங்கள்.

7. சூடும் மின்சாரமும்

பயாஸில் பிராசஸரின் வெப்பநிலை தெரியும். நம் ஊர் வெயிலில் 40 முதல் 55 பாகை செல்சியஸ் வரை இருப்பது இயல்பு. இயக்கிய சில நிமிடங்களில் 80, 90 என்று ஏறினால், சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட் சிங்க் பிராசஸரைச் சரியாகத் தொடவில்லை. பெரும்பாலான பிராசஸர்கள் 100 பாகையை ஒட்டித் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், அல்லது கணினியை அணைத்துவிடும். பெட்டியோடு வரும் இன்டெல் விசிறிகளில் நான்கு மூலையில் பிளாஸ்டிக் ஊசிகள் இருக்கும். அவற்றில் ஒன்று நழுவியிருப்பது அடிக்கடி காணும் காட்சி. ஹீட் சிங்கைக் கழற்றினால் இடையே பூசியிருக்கும், சூட்டைக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்டை முழுதாகத் துடைத்துவிட்டு புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்த பிறகே மாட்டுங்கள்.

மதர்போர்டில் நின்றிருக்கும் சிறு உருளைகளின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டிய அந்த உச்சி பூரிபோல உப்பியிருந்தாலோ பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தாலோ கெப்பாசிட்டர் போய்விட்டது. காலைக் குளிரில் முதல் முறை மட்டும் நிற்பதற்கு இது பொருத்தமான விளக்கம்.

எஸ்எம்பிஎஸ்ஸை அளக்க மல்டிமீட்டர் இருந்தால், நான்கு முனை மோலெக்ஸ் செருகியில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 4.75 முதல் 5.25 வோல்ட் இருக்க வேண்டும். இந்த எல்லையைத் தாண்டினால் மாற்றுங்கள். எல்லைக்குள் இருந்தாலும் அது முழுச் சான்றிதழ் ஆகாது. கண நேரச் சரிவை மல்டிமீட்டர் காட்டாது. தெரிந்தவரிடம் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை வாங்கி மாட்டிப் பார்ப்பதே நம்பகமான சோதனை. எக்காரணம் கொண்டும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்க வேண்டாம். 230 வோல்ட் மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கிய பின் அதிலுள்ள பெரிய கெப்பாசிட்டரில் ஏறத்தாழ 325 வோல்ட் நிற்கும். கம்பியைக் கழற்றிய பிறகும் அது சிறிது நேரம் அங்கேயே இருக்கும்.

8. பயாஸ் அமைப்பும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும்

ஒவ்வொரு முறையும் தேதி பழைய ஆண்டுக்குப் போய்விட்டால் மதர்போர்டிலுள்ள நாணய வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர்2032 என்று கேட்டால் எல்லாக் கடையிலும் கிடைக்கும். புதியதில் 3 வோல்ட் இருக்கும்.

ராமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திப் பாருங்கள். பயாஸ் முழுவதையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோக நினைத்தால், முன்னதாக ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துவிடுங்கள். காரணம், ஆரம்ப நிலைக்குப் போகும்போது டிஸ்கை இயக்கும் முறை ஏஹெச்சிஐ என்பதிலிருந்து ரெய்டு என்றோ, தொடங்கும் முறை யுஇஎஃப்ஐ என்பதிலிருந்து லெகசி என்றோ மாறக்கூடும். அப்படி மாறினால் நன்றாக இருந்த விண்டோஸும் தொடங்காது. ஒரு பழுதைத் தேடப் போனவர் இரண்டாவதை உண்டாக்கி, இரண்டையும் ஒன்றென்று நினைத்து அலைவார். பேட்டரியைக் கழற்றினாலும் இதே விளைவுதான்.

ஷட் டவுனுக்குப் பின் மட்டும் நிற்கும் கணினிக்கு வருவோம். விண்டோஸில் ஷட் டவுன் என்பது முழு அணைப்பு அல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி, மையப் பகுதியின் நிலையை டிஸ்கில் எழுதி வைத்து மறுமுறை அங்கிருந்தே தொடர்கிறது. ஏதேனும் ஒரு டிரைவர் அந்த உறக்கத்திலிருந்து எழத் தெரியாமல் இருந்தால் கணினி நிற்கும். ரீஸ்டார்ட் அவ்வாறு எழுதி வைப்பதில்லை, அதனால் சரியாக வருகிறது. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குள், பவர் பொத்தான்கள் என்ன செய்ய வேண்டும் என்று தேர்வு செய்யும் பக்கத்தில் இதை நிறுத்தலாம்.

9. ஸேஃப் மோடில் நுழையுங்கள்

இதுவரை எல்லாம் நலம் என்றால் இனி மென்பொருள். விண்டோஸ் பென் டிரைவிலிருந்து தொடங்கி, பழுதுபார்க்கும் வாய்ப்பில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்று செல்லுங்கள். தொடங்கும்போதே மும்முறை பொத்தானை அழுத்தி அணைத்தாலும் இதே பழுதுபார்க்கும் திரைக்கு வரலாம் என்று சொல்வார்கள்; உண்மைதான், ஆனால் ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் பென் டிரைவ் வழியையே பரிந்துரைக்கிறேன்.

நின்றுபோவதற்குச் சற்று முன் விண்டோஸ் அப்டேட் நடந்திருந்தால், முதலில் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் வாய்ப்பை எடுத்து, கடைசியாக வந்த அப்டேட்டை நீக்குங்கள். இல்லையென்றால் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாக மறுதொடக்கம் செய்து, பட்டியலில் 5 என்ற எண்ணை அழுத்துங்கள்; இணைய வசதியோடு கூடிய ஸேஃப் மோட் வரும். பென் டிரைவிலிருந்து வரும்போது ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் தென்படாவிட்டால், மும்முறை அணைத்து வரும் கணினியின் சொந்தப் பழுதுபார்க்கும் திரையில் அது இருக்கும்.

ஸேஃப் மோட் மிகத் தேவையான டிரைவர்களை மட்டும் ஏற்றுகிறது. அதில் சரியாக ஓடினால் டிஸ்கும் மையப் பகுதியும் நலம், மேலே சேர்த்த ஏதோ ஒன்றுதான் தடை என்று பொருள். டிவைஸ் மேனேஜரில் கிராஃபிக்ஸ் டிரைவரை முந்தைய பதிப்புக்குத் திருப்புங்கள் அல்லது நீக்கிவிடுங்கள். கறுப்புத் திரையில் மவுஸ் அம்பு மட்டும் நகரும் கணினிகளில் இதுவே முதல் மருந்து. இரண்டு ஆன்டிவைரஸ்கள் இருந்தால் ஒன்றை நீக்குங்கள்.

பிறகு விண்டோஸின் தொடக்க அமைப்புகளை மாற்றும் எம்எஸ்கான்ஃபிக் கருவியில் சர்வீசஸ் பக்கத்துக்குச் சென்று, மைக்ரோசாஃப்ட் சேவைகளை மறைக்கும் பெட்டியில் முதலில் குறியிடுங்கள். அதற்குப் பின்தான் மற்றவற்றை நிறுத்த வேண்டும். குறியிடாமல் எல்லாவற்றையும் நிறுத்தினால் உள்ளே நுழைவதே சிக்கலாகும். டாஸ்க் மேனேஜரில் தானாகத் தொடங்கும் மென்பொருள்களையும் நிறுத்திவிட்டு வழக்கம்போல் தொடங்குங்கள். சரியாக வந்தால் நிறுத்தியவற்றில் பாதியை இயக்கி மறுதொடக்கம் செய்யுங்கள்; நின்றால் குற்றவாளி அந்தப் பாதியில், நிற்காவிட்டால் மறு பாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் முப்பது சேவைகளிலிருந்தும் ஐந்து மறுதொடக்கங்களில் ஒன்றைப் பிடித்துவிடலாம்.

உள்ளே நுழைந்தபின் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளையும் படியுங்கள். அங்கே 41 என்ற எண்ணோடு கெர்னல் பவர் என்ற வரியைக் கண்டு எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றியவர்கள் உண்டு. அந்த வரி சொல்வது முந்தைய முறை கணினி ஒழுங்காக அணையவில்லை என்பதை மட்டும். உறைந்த கணினியைப் பொத்தானை அழுத்தி அணைத்ததே அதை எழுத வைத்திருக்கும். அதற்கு முன்னால் 7, 129, 153 ஆகிய எண்களில் டிஸ்க் பற்றிய எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 5ஆம் படிக்குத் திரும்புங்கள்.

10. விண்டோஸ் கோப்புகளைச் சீரமைத்தல்

கோப்புகளின் நகல் பத்திரமாக இருந்து, டிஸ்கும் ராமும் தேறிய பிறகே இங்கே வர வேண்டும். கமாண்ட் ப்ராம்ப்டை நிர்வாகியாகத் திறந்து, முதலில் செக் டிஸ்க், அடுத்து டிஸ்ம் கருவியின் ரீஸ்டோர் ஹெல்த், கடைசியாக எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் என்ற வரிசையில் ஓட்டுங்கள். செக் டிஸ்க் கோப்பு அமைப்பை ஒழுங்காக்குகிறது. டிஸ்ம், நல்ல கோப்புகளின் சேமிப்பை இணையம் வழியாகப் புதுப்பிக்கிறது. எஸ்எஃப்சி அந்தச் சேமிப்பிலிருந்து எடுத்துத்தான் சிதைந்தவற்றை மாற்றுகிறது. வரிசையைத் தலைகீழாக்கினால், எஸ்எஃப்சி கெட்ட சேமிப்பிலிருந்து கெட்ட கோப்பையே எடுக்க நேரும், அல்லது சரிசெய்ய முடியவில்லை என்று கைவிரிக்கும்.

டிஸ்ம் 62 சதவிகிதம்போல ஏதோ ஓரிடத்தில் நீண்ட நேரம் நிற்பது இயல்பு. சாளரத்தை மூடிவிட வேண்டாம்.

11. மறுநிறுவல்

மேலே உள்ளவை எதுவும் பலன் தராதபோது, ரீசெட் வாய்ப்பில் சொந்தக் கோப்புகளை வைத்துக்கொள்ளும் முறையைத் தேர்ந்தெடுங்கள். மென்பொருள்கள் நீங்கிவிடும், கோப்புகள் தங்கும். வெளியே நகல் இல்லாமல் அந்த வாக்குறுதியை மட்டும் நம்ப வேண்டாம். டிஸ்கையே மாற்றினால் பழைய டிஸ்கைக் கழற்றி வைத்துவிட்டு, புதியதை மட்டும் மாட்டி நிறுவுங்கள். இரண்டும் இருந்தால் தவறான டிஸ்கை அழிப்பதற்கு ஒரு சொடுக்குப் போதும்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், கணினி ஏற்றுக்கொள்ளுமானால் விண்டோஸ் 11ஐ நிறுவுங்கள். அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி தேவை. பயாஸில் அது அணைந்தே கிடக்கும் கணினிகள் பல உண்டு என்பதால், இல்லை என்று முடிவு கட்டும் முன் அங்கே தேடிப் பாருங்கள்.

12. சரியானது என்று எப்போது சொல்லலாம்

ஒரு முறை தொடங்கிவிட்டால் பழுது நீங்கியதாகாது. இரவு சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு, காலையில் குளிர்ந்த நிலையில் இயக்குங்கள். பிறகு ஷட் டவுனுக்குப் பின் ஒரு முறை, ரீஸ்டார்ட் கொடுத்து ஒரு முறை, ஒரு மணி நேரம் ஓடிச் சூடான பின் ஒரு முறை. இந்த நான்கு வகையிலும் ஒரு வாரம் தடையின்றி வந்த பிறகே கேபினட்டின் மூடியைத் திருகி மூடி, பிரிண்டரையும் மற்றவற்றையும் ஒவ்வொன்றாகத் திரும்ப இணையுங்கள். 4ஆம் படியில் எடுத்த நகலை அதுவரை வெளிப்புற டிஸ்கிலிருந்து அழிக்க வேண்டாம்.